படுக்க வச்ச தீப்பெட்டி உசரம்

சத்தம் சத்தம்னு சொல்றீங்களே சார், இந்தச் சத்தம் என்னாலயா வருது? என் சம்பந்தியால வருது. சுத்தி என் கையில இருக்கு, அது வேற விஷயம். உள்ள வாங்க. பின்வாசல்லயே நின்னு கோபப்பட்டா கால் வலிக்கும், உள்ள வந்து உக்காந்து கோபப்படுங்க. அந்த வாளியைக் கவுத்துப் போட்டிருக்கேன் பாருங்க, இப்போதைக்கு இந்த வீட்டுல அதுதான் நாற்காலி. மேல் வீடுதானே நீங்க? மூஞ்சியிலயே தெரியுது. கீழ் வீட்டம்மா காலையிலயே வந்து திட்டிட்டுப் போயிட்டாங்க.

என்னது, ராத்திரி வேலையா? பகல்லதான் தூங்கணுமா? அடப் பாவமே. சத்தியமா இனிமே சுத்தி கிடையாது சார். உடைக்கிறதெல்லாம் உடைச்சாச்சு. இனிமே பசை, டைல்ஸ், ரப்பர் சுத்தி, அவ்வளவுதான். ரப்பர் சுத்தி சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும், உங்களுக்கே தூக்கம் வந்துடும். காலைக் கொஞ்சம் இப்படி எடுத்துக்குங்க, அங்கதான் பசை தடவப் போறேன். ம்... இன்னும் கொஞ்சம். செருப்பையும் கழட்டி அந்தப் பக்கம் போட்டுடுங்க.

போன வாரம் ஒட்டின டைல்ஸை இந்த வாரம் ஏன் உடைக்கிறேன்னா கேக்குறீங்க? பாத்தீங்களா, இதான் சார் படிச்சவங்க கேக்குற கேள்வி. கீழ் வீட்டம்மா இதைக் கேக்கவே இல்ல, நேரா திட்டுக்கு வந்துட்டாங்க. சொல்றேன். சுருக்கமா சொல்லிடுறேன்.

இது என் பையன் வீடு. பையனும் மருமகளும் சேர்ந்து வாங்கினது, இன்னும் குடி வரல. நான் டைல்ஸ் மேஸ்திரி. ஓய்வு எடுத்தாச்சுன்னு சொல்றாங்க, ஆனா முட்டிதான் ஓய்வு எடுத்திருக்கு, கை எடுக்கல. மருமகளோட அப்பா, அதாவது என் சம்பந்தி, மரத்தரை போடுறவரு. அவருக்கும் வயசாச்சு, அவர் ஒத்துக்க மாட்டாரு. கல்யாணம் முடிஞ்சு வீடும் வாங்கினதும், ரெண்டு அப்பனும் சேர்ந்து பிள்ளைங்களுக்குத் தரை போட்டுக் குடுக்குறதுன்னு பேச்சாச்சு. ஹால் முழுக்க அவர் மரம். சமையலறை முழுக்க என் டைல்ஸ். நடுவுல இந்தக் கதவு. கேக்க நல்லாத்தானே இருக்கு? எல்லாரும் கை தட்டினாங்க சார். அன்னைக்கே எனக்குச் சந்தேகம், எல்லாரும் சேர்ந்து கை தட்டினா அதுல ஏதோ ஒரு கோளாறு இருக்கும்.

ரெண்டு தரையும் கதவுக்கு அடியில சந்திக்கணும். சந்திக்கிற இடத்துல சமமா இருக்கணும். கண்ணை மூடிட்டு நடந்தா, எது மரம் எது டைல்ஸ்னு கால் குளிர்ச்சியை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். உசரத்தை வச்சுக் கண்டுபிடிக்கக் கூடாது. அதான் சார் வேலை. மத்ததெல்லாம் சும்மா சதுரம் சதுரமா ஒட்டுறது, யார் வேணா ஒட்டலாம்.

அதுக்கு நான் என்ன பண்ணேன்? ஒழுங்கா, மரியாதையா, போன் போட்டேன். "சம்பந்தி, உங்க பலகை எவ்வளவு கனம்?" சொன்னாரு. அதுக்குத் தக்கபடி நான் பசையைக் கணக்குப் பண்ணி ஒட்டிட்டு வந்துட்டேன். அப்புறம் அவர் வந்து பலகை போட்டாரு. போய்ப் பாத்தா, மரம் மேல நிக்குது, டைல்ஸ் கீழ கிடக்குது. நடுவுல ஒரு தீப்பெட்டி. நிமித்தி வச்ச தீப்பெட்டி இல்ல, படுக்க வச்சது. ஆனா தடுக்கி விழுறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"என்ன சம்பந்தி இது?"ன்னேன். பலகைக்கு அடியில பிளைவுட் போட்டிருக்காராம். "சொல்லவே இல்லையே"ன்னேன். "நீங்க பலகை கனம் கேட்டீங்க, பலகை கனம் சொன்னேன். அடியில என்ன போடுவீங்கன்னு கேட்டீங்களா?"ங்கிறாரு. இவர்கிட்ட சாப்டீங்களான்னு கேட்டா சாப்டேன்னு மட்டும்தான் சார் சொல்வாரு. யார் வீட்டுலன்னு தனியா கேக்கணும்.

நான் விடுவேனா? ஆரம்பிச்சேன். அவரும் ஆரம்பிச்சாரு. நீங்க ஏறுங்கன்னாரு. நீங்க இறங்குங்கன்னேன். மரம் மூச்சு விடுற பொருள், மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும், சுத்தி ஒரு விரல் அகலம் இடம் விடணும்னு பாடம் எடுத்தாரு. இடம் விடுங்க, யார் வேணாம்னா, மேல எதுக்கு ஏறுறீங்கன்னேன். ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக் காட்டினாரு. நான் குதிகாலைக் காட்டினேன். சிரிக்காதீங்க, ஸ்கேல் எல்லாம் இப்ப வந்தது, குதிகால் பொறக்கும்போதே வந்தது. வெறுங்கால்ல நின்னா ஒரு பேப்பர் கனம் ஏத்தமா இருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும்.

கடைசியில மருமக காதைப் பொத்திக்கிட்டு, "அப்பா, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க"ன்னா. சரின்னு பேசாம இருந்துட்டோம். அன்னையில இருந்து பேசல. கொஞ்சம்னுதான் சொன்னா. ஆனா எவ்வளவு கொஞ்சம்னு அவ சொல்லல, நாங்களும் கேட்டுக்கல.

என் பையன் ஒரு யோசனை சொன்னான். கதவடியில சாய்வா ஒரு பட்டை அடிச்சா முடிஞ்சுது, எத்தனையோ வீட்டுல அப்படித்தானே இருக்குன்னான். அப்போ நானும் சம்பந்தியும் சேர்ந்து அவனைப் பாத்தோம் பாருங்க ஒரு பார்வை... அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான் சார் நாங்க ஒத்துமையா இருந்தோம். பட்டையாம். மேல் உதடும் கீழ் உதடும் சேரலன்னா நடுவுல பட்டை ஒட்டுவானா?

அதுவும் இல்லாம, இங்க சாய்வுப் பட்டை உதவாது. சம்பந்தியம்மாவுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு. சக்கரம் வச்ச வாக்கரைப் பிடிச்சுத்தான் நடக்குறாங்க. சக்கரம்னா பெரிய சக்கரமா, எலுமிச்சம்பழம் அளவு. அவங்க இருக்கிற வீடு மாடியில, லிஃப்ட் கிடையாது. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தம்மா தெருவையே பாக்கல. இங்கன்னா லிஃப்ட் இருக்கு, அதனால ரெண்டு பேரும் இங்கயே வந்து மகளோட இருக்கணும்னு ஏற்பாடு. அந்தம்மா தங்கமானவங்க சார். எப்படி இந்த மனுஷன்கிட்ட... சரி விடுங்க. பிடிவாதம் மட்டும் கொஞ்சம் உண்டு. அவங்க சமைப்பாங்க, யாரும் கிட்ட வரக் கூடாது. சமையலறைக்குப் போக முடியலன்னா அவங்களுக்கு அது வீடே இல்ல.

ஒருநாள் சும்மா காட்டலாம்னு, மெதுவா படி இறக்கிக் கூட்டிட்டு வந்தாங்க. ஹாலைத் தாண்டி வந்தாங்க, அந்தக் கதவுகிட்ட வந்தாங்க, சக்கரம் ஓரத்துல மாட்டிக்கிச்சு. தள்ளினா விழுந்துடுவாங்க. பையன் ஒரு பக்கம், மருமக ஒரு பக்கம், வாக்கரை ஒருத்தர், அந்தம்மாவை ஒருத்தர்னு பிடிச்சாங்க. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, "நாலு பேர் சேர்ந்து என்னைத் தூக்குறதுக்கு இன்னும் நாள் இருக்கு. என்னைப் பழைய வீட்டுலயே விட்டுடுங்க"ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. மருமக மட்டும் சிரிக்கல. சம்பந்தி தரையைப் பாத்துட்டு நின்னாரு. நானும் தரையைத்தான் பாத்தேன். ஆளுக்கு ஒரு தரை.

இருங்க, இந்த டைல்ஸை மட்டும் உக்கார வச்சுடுறேன். ம். சத்தம் கேக்குதா? டப் டப்புனு கெட்டியா வருது பாருங்க, உள்ள காத்தே இல்ல. ஏன் சொல்றேன்னா, இந்த மனுஷன் என்னை என்ன சொன்னாருன்னு தெரியுமா? கல்யாணத்தன்னைக்கு, மண்டபத்துல, என் சொந்தக்காரங்க எல்லாரும் நிக்கும்போது, ஷூ முனையால தரையை டொக்கு டொக்குனு தட்டி, "இந்த டைல்ஸை எவன் ஒட்டினான், உள்ள காத்து இருக்கு"ன்னாரு. எவன் ஒட்டினான்? நான்தான் சார் ஒட்டினேன். அந்த மண்டபத்துத் தரை மொத்தமும் என் கையால ஒட்டினது. பொண்ணு மாப்பிள்ளை மேடையில நிக்கிறாங்க, நான் மென்னு முழுங்கிட்டு நின்னேன். மறுநாள் மண்டபத்துக்குத் தனியா போய், ஒவ்வொரு டைல்ஸா தட்டிப் பாத்தேன். அவ்வளவு பெரிய மண்டபம். ஒண்ணே ஒண்ணுதான் டொக்குனுச்சு. அது மேல போய் நின்னிருக்காரு பாருங்க, அதுக்கு ஒரு திறமை வேணும் சார்.

எங்க விட்டேன்? ஆங், வாக்கர். அன்னைக்கு வீட்டுக்குப் போயும் எனக்கு மனசு கேக்கல. சரி, அந்தம்மாவுக்காக நானே ஏத்திடுறேன்னு முடிவு பண்ணேன். யாருக்கும் சொல்லல. சொன்னா இறங்கி வந்துட்டாரும்பாங்க. நான் இறங்கல, டைல்ஸைத்தான் ஏத்தினேன். அதான் போன வாரம் நீங்க கேட்ட சத்தம். இந்தப் பின்படி வழியா வந்து, ஹால் கதவைச் சாத்திக்கிட்டு, டைல்ஸை எல்லாம் பேத்து, அடியில கனமா பூசி, தீப்பெட்டி உசரத்துக்குத் தூக்கி ஒட்டினேன்.

அன்னைக்குன்னு பாத்து அவரும் முன்வாசல் வழியா வந்துட்டாரு. கதவுக்கு அந்தப் பக்கம் டக்கு டக்குனு சத்தம். நான் என்ன நினைச்சேன், என்னை வெறுப்பேத்தத்தான் தட்டுறாருன்னு நினைச்சேன். சும்மா இருப்பேனா? தேவைக்கு மேல ரெண்டு தட்டு சேர்த்துத் தட்டினேன். அவர் மூணு தட்டினாரு. நான் ஒரு கரண்டியைக் கீழ போட்டேன். அவர் ஒரு பலகையையே போட்டாரு. மத்தியானம் வரைக்கும் இப்படியே கச்சேரி. உங்களுக்கு அன்னைக்கும் தூக்கம் போயிருக்கும், மன்னிச்சுக்குங்க.

ரெண்டு நாள் கழிச்சு, பசை காய்ஞ்சதும் மருமக வந்து ஹால்ல இருந்து கதவைத் தள்ளினா. திறக்கல. இந்தக் கதவு சமையலறைக்குள்ள திறக்குற கதவு, டைல்ஸ் ஏறிட்டதால அடி இடிக்குது. முட்டித் தள்ளித் திறந்தா... நான் இந்தப் பக்கம் நிக்கிறேன், அவர் அந்தப் பக்கம் நிக்கிறாரு. நடுவுல மறுபடியும் அதே தீப்பெட்டி. ஆனா இப்போ டைல்ஸ் மேல, மரம் கீழ.

புரியலையா சார்? அந்த மனுஷன் அன்னைக்கு முழுக்கப் பலகையை எல்லாம் கழட்டி, அடியில இருந்த பிளைவுட்டை உருவிட்டு, பலகையைத் திரும்பப் போட்டிருக்காரு. நான் ஏத்திட்டு இருக்கும்போது அவர் இறக்கிட்டு இருந்திருக்காரு. ரெண்டு பேர்ல ஒரே ஒருத்தர், யாராவது ஒருத்தர், வீட்டுல படுத்துத் தூங்கியிருந்தா தரை சமமா இருந்திருக்கும்.

மருமக அப்படியே தரையில உக்காந்து சிரிச்சா பாருங்க. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு, தண்ணி நிக்கல. அது எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

அப்பவாவது பேசியிருக்கலாமேன்னா? எப்படி சார் பேசுறது? யார் முதல்ல பேசுறது? அவர் வாயைத் திறந்தாரு. சம்பந்தின்னு சொல்லப் போறாருன்னு நானும் மூஞ்சியை ஒரு மாதிரி தயார் பண்ணி வச்சேன். கொட்டாவி விட்டாரு. அவ்வளவுதான், நான் பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். போற போக்குல கதவோட அடியை மட்டும் இழைச்சு விட்டிருக்காரு, அது மறுநாள்தான் தெரிஞ்சுது. மழமழன்னு இழைச்சிருக்காரு சார், கை வச்சுப் பாத்தேன். அது கிடக்கட்டும்.

நாளைக்குச் சாயங்காலம் அந்தம்மாவை மறுபடியும் கூட்டிட்டு வர்றாங்க. மருமக சொல்லிட்டா, இதுதான் கடைசித் தடவை, இதுக்கு மேல அம்மாவை வற்புறுத்த மாட்டேன்னு. அதான் நான் ராவோட ராவா யோசிச்சு, சரி, நானே பழைய உசரத்துக்கு இறக்கிடுறேன்னு இன்னைக்குக் காலையில வந்து உடைச்சேன். மரம் இறங்கித்தானே இருக்கு. நானும் இறங்கிட்டா சமமாயிடும். விடிஞ்சா நடக்கலாம், சீக்கிரம் காயுற பசைதான் வாங்கியிருக்கேன்.

எங்க எந்திரிக்கிறீங்க? தூக்கம் வருதா? அது சரி, ஆனா பின்வாசல் பக்கம் போக முடியாதே சார். பாருங்க, அங்கதானே ஆரம்பிச்சேன், வரிசையா ஒட்டிட்டு இங்க வரைக்கும் வந்துட்டோம். ஈர டைல்ஸ் மேல காலை வச்சீங்கன்னா எல்லாம் ஆடிப் போயிடும். உக்காருங்க. இன்னும் ரெண்டு வரிசைதான், ஹால் கதவு வரைக்கும்.

என்ன? அப்போ நான் எப்படி வெளிய போவேன்னா? ஹால் வழியாத்தான். இதுல என்ன இருக்கு. வேலை தெரிஞ்சவன் ஹால் கதவுல ஆரம்பிச்சு பின்வாசல்ல முடிச்சிருப்பானேன்னு கேக்குறீங்களா? அதெல்லாம் எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் முடிச்சா ஹால்ல போய் நிக்க வேண்டியிருக்கும், அங்க யாராவது இருந்தா இருந்துட்டுப் போறாங்க. வழி இல்லாம வந்தேன்னு சொல்லிக்கலாம். நீங்க எதுக்கு இப்படிப் பாக்குறீங்க? டைல்ஸைப் பாருங்க.

இருங்க... சாவி சத்தம். ஹால்ல. வந்துட்டாரு. சம்பந்திதான். இப்போ எதுக்கு வந்தாரு? சுவர் ஓரத்துல மரப்பட்டை கிட்டை அடிக்க வந்திருப்பாரு. மெதுவா பேசுங்க. நீங்க ஒண்ணும் பேசல, சரி, நான்தான் பேசுறேன், நானும் மெதுவா பேசுறேன். அந்த ஈரத் துணியை எடுங்க... வேணாம், இந்தா கிடைச்சிடுச்சு. இந்த மூலை கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இருக்கு. ரசமட்டம் எங்க வச்சேன்? உங்க பக்கத்துல நீளமா மஞ்சளா இருக்கு பாருங்க, அதைக் கொஞ்சம்...

சார்?

அட. வாளி மட்டும்தான் இருக்கு. கதவைத் திறந்து அந்தப் பக்கம் போயிட்டாரா மனுஷன்? சத்தமே வரலையே. வராது, அப்படி இழைச்சு வச்சிருக்காரு.

ம்? பேச்சுக் குரல் கேக்குது. சம்பந்தி குரல்தான். "நீங்களே நியாயம் சொல்லுங்க சார்"ங்கிறாரு. யார்கிட்ட? மேல் வீட்டுக்காரர்கிட்டதான். பாவம், இங்க இருந்து தப்பிச்சு அங்க போய் மாட்டிக்கிட்டாரு. என்ன சொல்றாரு... என்னைப் பத்தித்தான் ஓதுவாரு. கதவுல காதை வச்சாத்தான் கேக்கும். "டைல்ஸ்காரரு கோபக்காரரு"... ஆமா, இவர் பெரிய சாந்தம். "பலகை கனம் கேட்டாரு, பிளைவுட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும், வேணும்னேதான் சொல்லாம விட்டேன்"... என்னது? "தப்பு என்னோடதுதான் சார்"...

தப்பு என்னோடதுதான்னு சொல்றாரு. முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட, வந்து உக்காரக் கூட விடாம சொல்றாரு. இத்தனை நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாரா? மண்டபத்துல மட்டும் மைக் வச்ச மாதிரி பேசத் தெரியுது.

இன்னும் என்ன... "அவருக்கு முட்டி வலி, மறுபடியும் மண்டி போட வைக்கக் கூடாது. அதான் நேத்தே பிளைவுட்டை வெட்டி எடுத்துட்டு வந்துட்டேன், பலகையைத் தூக்கி அடியில திரும்ப..."

ஐயோ. ஏத்தப் போறாரு. நான் இங்க இறக்கிட்டேன், அவர் அங்க ஏத்தப் போறாரு. மறுபடியும் முதல்ல இருந்து. பலகையை நெம்புற சத்தம் கேக்குதே. நாளைக்கு அந்தம்மா வருவாங்க, வாக்கர் முட்டும், சிரிச்சுட்டே திரும்பிப் போயிடுவாங்க. அந்த மேல் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இவ்வளவு நேரம் இங்கதானே உக்காந்து பாத்தாரு. சொல்ல விட்டாத்தானே.

ம்... க்கும்.

சம்பந்தி.

சம்பந்தி, நான்தான். கதவுக்கு இந்தப் பக்கம். அந்தக் கடப்பாரையைக் கீழ வைங்க... ஆமா, பேசுறேன். பேசுறதைத்தான் கேக்குறீங்கல்ல. பிளைவுட்டைப் போடாதீங்க. டைல்ஸை இறக்கிட்டேன். பழைய உசரத்துக்கே இறக்கிட்டேன், இந்தக் கதவடி வரிசை மட்டும்தான் பாக்கி... காலையில இருந்து. ஆமா, முட்டி வலிக்கத்தான் செய்யுது. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க, அதுதான் இப்போ வேலை. சும்மா இருங்க... என்ன சிரிப்பு? எனக்கும் சிரிப்பு வருதுதான், அதுக்காக.

கதவைத் திறங்க. மெதுவா, பசை இருக்கு. இந்தா, கடைசி டைல்ஸையும் வச்சுட்டேன். இந்த மட்டத்தோட அந்த முனையை உங்க பலகை மேல வைங்க, இந்த முனை என் டைல்ஸ் மேல இருக்கட்டும். ஸ்கேல் வேணாம்... சரி, ஸ்கேலும் வைங்க. குமிழி எங்க நிக்குது? உங்க பக்கமா? ஒரு தட்டு தட்டுறேன். இப்போ? இன்னும் ஒரு நூல் உங்க பக்கம்தானா? இதோ. நீங்க காலை வச்சுப் பாருங்க. ஷூவைக் கழட்டுங்க, குதிகாலை லேசா, அழுத்தாம வைங்க... தெரியுதா? ஒண்ணுமே தெரியலையா? ஒண்ணுமே தெரியக் கூடாது, அதான் கணக்கு. சம்பந்தியம்மாகிட்ட போன்ல சொல்லிடுங்க, நாளைக்குச் சமையல் அவங்கதான்னு.

அந்தக் கடைசி டைல்ஸ்ல இருந்து கையை எடுக்காதீங்க சம்பந்தி, பசை பிடிக்கிற வரைக்கும் அப்படியே பிடிச்சுட்டு இருங்க. ஆமா, அந்த மேல் வீட்டு சார் எங்க? முன்வாசல் வழியா போயிட்டாரா? சொல்லிக்காமயா? நல்ல மனுஷன்தான். என்ன, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.